மாமாவின் சமையல் காண்ட்ராக்டுக்கு வெப்சைட்: வேர்ட்பிரஸ்ஸா, ஏஐயா?

மாமா கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். "எத்தனை இலை, என்ன மெனுன்னு போட்டா ரேட் வரணும் மாப்ள" என்றார். அவ்வளவுதான் தேவை.

முதலில் இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் ரெடிமேட் சேவை ஒன்று. டெம்ப்ளேட் எல்லாம் பளபளவென்று இருந்தது, ஆனால் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தலைப்பில் 'எங்களைப் பற்றி' என்று அடித்தால் 'றி'யின் கொக்கி மேலே வெட்டுப்பட்டு நிற்கிறது, வரி உயரத்தைக் கூட்டும் இடத்தைத் தேடியதிலேயே ஒரு சாயங்காலம் போனது. ரேட் கணக்குக்குத் தனிச் சந்தா கேட்டார்கள். சரி, வேண்டாம்.

அப்புறம் ஏஐ. தமிழிலேயே கேட்டேன், காபி ஆறுவதற்குள் கணக்குப் போடும் பக்கம் தயார். 300 இலை, இரண்டு இனிப்பு என்று போட்டால் தொகை வருகிறது, கொக்கியும் முழுதாக இருக்கிறது. அசந்துதான் போனேன். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, விசாரணைப் படிவம் அழகாக 'நன்றி' சொல்லிவிட்டு எதையும் எங்கேயும் அனுப்பவில்லை. இரண்டு பேர் எழுதியது காற்றோடு போச்சு. சோதித்துப் பார்க்காதது என் தப்பும்தான். ஏஐ எழுதும் புரோகிராமைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதற்கு 2025 பிப்ரவரியில் 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்த ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்திரே கர்ப்பாத்தியே, வார இறுதியில் செய்து தூக்கிப் போடும் வேலைகளுக்கு இது பரவாயில்லை என்றுதான் சொன்னார். மாமாவின் தொழில் அந்த ரகம் இல்லையே.

இன்னொரு தொல்லை, 'தொடர்புக்கு' பக்கத்தில் போன் நம்பரை மாற்றச் சொன்னால் கேட்காமலேயே பட்டன் நிறத்தையும் மாற்றி வைக்கிறது. கோட் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கலாம், மாமாவுக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியில் வேர்ட்பிரஸ், வெப்சைட் கட்டி நடத்தும் மென்பொருள். 2003இல் வந்த கிழம், பிளகின் எனும் துணைப் புரோகிராம்களின் அப்டேட் தொல்லை ஓயாது. ஆனால் ஓப்பன் சோர்ஸ், யாரும் எடுத்து எங்கும் ஓட்டலாம்; தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்காவிட்டால் மூட்டை கட்டி வேறு இடம் போகலாம், விக்ஸ் மாதிரி ரெடிமேட் சேவையில் கட்டிய தளத்தை அப்படிக் கழற்றி எடுக்க முடியாது. முக்கியமாக, மாமா போனிலேயே விலையை மாற்றுகிறார். ஏஐ எழுதிய கணக்கை மட்டும் கோட் ஒட்டுவதற்கென்றே வேர்ட்பிரஸ்ஸில் இருக்கும் கஸ்டம் எச்டிஎம்எல் பிளாக்கில் ஒட்டிவிட்டேன்.

நேற்று மெனு பக்கத்தில் இலைக்கு 20 ரூபாய் ஏற்றியிருக்கிறார். கணக்குப் பெட்டி இன்னும் பழைய ரேட்டையே காட்டுகிறது, அந்த ரேட் ஏஐ எழுதிய புரோகிராமுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.