காற்றில் கிருமி: ஒளிர்வுக் கருவியா, வடிகட்டியா?

2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமியின் தூள் வைத்த கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். காற்றில் யாராவது இப்படிக் கிருமியைப் பரப்பினால் கண்டுபிடிக்க 2003இல் அங்கே தொடங்கிய பயோவாட்ச் திட்டம் வடிகட்டியை நம்பியது. காற்றை உறிஞ்சி, வடிகட்டியில் படிந்ததை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் கிருமியின் மரபணுவைத் தேடுவார்கள். எந்தக் கிருமி என்று பெயரோடு தெரிந்துவிடும். ஆனால் பதில் வர 12 முதல் 36 மணி நேரம் ஆகும். அதற்குள் மூச்சிழுத்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஒளிர்வுக் கருவி நொடிகளில் பேசும். பறந்து வரும் ஒவ்வொரு துகள் மீதும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறது. சுமார் 280 நானோமீட்டர் ஒளி பட்டால் புரதத்திலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒளிரும். 340 முதல் 370 வரை போனால் உயிரணுவிலுள்ள என்ஏடிஹெச் என்ற மூலக்கூறு ஒளிரும். சாயம் எதுவும் வேண்டாம், உயிரின் வேதியியலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்தது இதுதான்.

சிக்கல் என்னவென்றால் மகரந்தமும் பூஞ்சை வித்தும், ஏன், டீசல் புகையும்கூட ஒளிரும். நாலு முறை பொய்யாக எச்சரிக்கை மணி அடித்தால் ஐந்தாவதை யார் மதிப்பார்கள்?

ரயில் நிலையத்தை மூடி, மக்களுக்கு மருந்து கொடுக்கும் முடிவை பிசிஆரிடமே விடுவேன். மணி அடித்ததும் காற்றோட்டத்தை நிறுத்தி, அந்த நிமிடமே மாதிரி எடுக்க ஒளிர்வுக் கருவி போதும்.