அப்பா இல்லாத பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் என்று யாராவது வந்தால், முதலில் இதைப் படியுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன், அதிலும் அப்பாவோ அம்மாவோ தவறிப்போன வீடுகளுக்காக. ரிசல்ட் வந்த அடுத்த வாரமே சில ஆட்கள் மலை ஏறிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரால் தம்பிக்கு ஒரு வருஷப் படிப்பும் எங்களுக்கு 33,500 ரூபாயும் போனது.

எனக்கு ரொம்ப வெட்கமான ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோத்தகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், வருமானச் சான்றுக்கு அப்லோடு என்று ஊரில் பாதிப் பேருக்கு நிரப்பிக் கொடுப்பது நான்தான். அந்த ஆள் முதலில் வந்ததும் எங்கள் கடைக்குத்தான். போன வருஷம் மே மாதம், நல்ல மழை நாள், நனைந்த ஃபைலோடு வந்து ஒரு ஃபார்ம் டைப் அடிக்க வேண்டும் என்றார். பென்சிலில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பெயர், மதிப்பெண், வருமானம், அப்புறம் 'இறந்தவர்: தந்தை / தாய்' என்று ஒரு கட்டம். தலைப்பில் 'கல்வி உதவிதொகை' என்று எழுதியிருந்தது. அதற்கு 'த்' போட்டு, தலைப்பைப் பெரிதாக்கி, நடுவில் நிறுத்தி, 200 காப்பி எடுத்துக் கொடுத்தேன். "நல்லா பண்ணியிருக்கீங்க தங்கச்சி" என்று மீதிச் சில்லறையை வாங்காமல் போனார்.

எங்கள் அப்பா 2023 டிசம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். அந்த ஃபார்மை அச்சடித்தபோதே தம்பிக்கும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தேடி வந்து என்னை ஏமாற்றவில்லை, நானாகத்தான் போனேன். ஒரு லாட்ஜின் மேல்மாடி ஹாலில் கூட்டம், நாற்பது பேர் இருக்கும், பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும். ஒவ்வொருவரிடமும் "அப்பா எப்போம்மா தவறினாரு, என்னாச்சு?" என்று பொறுமையாகக் கேட்டார். அம்மா அழுதபோது தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பிறகு நோட்டில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

நான் ஏன் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். 'ஸ்வநாத்' என்று மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது, பெற்றோரை இழந்தவர்களுக்கு வருஷம் 50,000 ரூபாய், அதைத் தன் டிரஸ்ட் வாங்கித் தரும் என்றார். போனில் தேடினேன், திட்டம் உண்மையாகவே இருந்தது, தொகையும் சரியாக இருந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். இன்னும் நாலு வரி கீழே படித்திருந்தால் போதும். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ நடத்தும் அந்தத் திட்டம் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்களுக்கு, அல்லது பெற்றோரில் ஒருவரையாவது கொரோனாவில் இழந்தவர்களுக்கு, அல்லது பணியில் உயிர்விட்ட ராணுவ, துணை ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கு. படிப்பும் ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிகிரி அல்லது டிப்ளமோவாக இருக்க வேண்டும். மாரடைப்பில் அப்பாவை மட்டும் இழந்து, அவர் காட்டிய பாராமெடிக்கல் படிப்பில் சேரும் என் தம்பிக்கு அதில் எந்த வழியிலும் இடமில்லை. ஊருக்கெல்லாம் ஃபார்ம் நிரப்புகிறவள் தன் தம்பிக்கு வரும்போது தகுதிப் பகுதியைப் படிக்கவில்லை, இதற்கு என்ன சொல்வது.

ரெஜிஸ்ட்ரேஷன் என்று 3,500 ரூபாய் ஜிபேயில் வாங்கினார். டிரஸ்டுக்கு அனுப்புகிறோம் என்று நினைத்தேன், திரையில் வந்தது ஒரு பெண்ணின் பெயர். கேட்டதற்கு "அக்கவுண்டன்ட் மேடம்" என்றார். அப்புறம் சீட் உறுதி செய்ய 30,000. அம்மா தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். கூடவே பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்று எல்லாம் ஒரிஜினலாக. வெரிஃபிகேஷனுக்கு என்றார், இரண்டு நாளில் தருகிறேன் என்றார். ரசீது கேட்டேன், டிரஸ்ட் லெட்டர்பேடில் 'பெற்றுக்கொண்டோம்' என்று மட்டும் இருந்தது, எதை, எத்தனை என்று இல்லை.

அவர் காட்டிய கல்லூரி மலைக்குக் கீழே, இரண்டு மாவட்டம் தள்ளி. ஆகஸ்டில் சேர்த்துவிட்டு வந்தோம். செப்டம்பரில் ஃபீஸ் விவரம் வந்தது. ட்யூஷன் 18,000, லேப் 22,000, ஹாஸ்டலும் மெஸ்ஸும் 55,000, 'ஸ்கில் டெவலப்மென்ட்' 20,000. மொத்தம் 1,15,000. முழு ஸ்காலர்ஷிப் என்று அவர் கொடுத்த கடிதத்தை எடுத்து மறுபடி படித்தால், அடியில் எறும்பு அளவு எழுத்தில் 'ட்யூஷன் கட்டணத்தில் மட்டும்' என்று இருக்கிறது. ஆக, அந்த 18,000 போக 97,000 கட்டச் சொல்கிறார்கள். ஏற்கனவே கொடுத்த 30,000? அது 'சேர்க்கைச் சேவைக் கட்டணமாம்', கல்லூரிக்கு வரவே இல்லையாம்.

போன் செய்தேன். அரசுப் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும், விண்ணப்பம் போட்டாச்சு என்றார். சரி, ஓடிஆர் எண் என்ன சார் என்று கேட்டேன். தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க மாணவருக்கு ஒருமுறைப் பதிவு எண் ஒன்று வேண்டும், வாரத்துக்குப் பத்துப் பேருக்கு நான் எடுத்துக் கொடுப்பது. அது 14 இலக்கம். அவர் ஒரு எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன், ஒன்பதில் நிறுத்திவிட்டார். மீதி சார்? "அவ்வளவுதான் தங்கச்சி." அந்த இடத்தில்தான் எனக்குக் கை காலெல்லாம் குளிர்ந்துபோனது. அன்றைக்கே தம்பியின் ஆதாரை வைத்துப் போர்ட்டலில் நானே பதிவு செய்து பார்த்தேன், புத்தம் புதிதாகப் பதிந்தது. யாரும் எதற்கும் விண்ணப்பிக்கவே இல்லை.

தம்பியைக் கூட்டி வந்துவிட்டோம். சர்டிபிகேட் வேண்டுமென்றால் 40,000 கட்டுங்கள் என்றது கல்லூரி அலுவலகம். இந்த இடத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மாணவரின் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது, சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த அறிவிப்பை எங்கள் கடையிலேயே பிரின்ட் எடுத்து, ஒரு திங்கட்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட்டில், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு கொடுத்து, மனு ரசீதின் நகலைக் கல்லூரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சாதிச் சான்றில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறை. பணம் வரவில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், ஆனால் அது பணம் போன உடனே அழைக்க வேண்டிய எண். ஐந்து மாதம் கழித்து அழைத்தால் அந்தக் கணக்கில் என்ன இருக்கும்.

இப்போது கடைக்கு வரும் ஒவ்வொரு அம்மாவிடமும் நான் சொல்வது இதுதான். அரசு ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. உங்களுக்கு ஆகும் செலவு வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய், ஜெராக்ஸ், பஸ் டிக்கெட், அவ்வளவுதான். பணம் பிள்ளையின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே நேராக வரும், நடுவில் டிரஸ்டும் அக்கவுண்டன்ட் மேடமும் தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று தமிழக அரசுத் திட்டங்கள் உண்டு, மாதம் 1,000 ரூபாய், சேர்ந்த கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அப்பா அம்மா இருக்கிறார்களா என்று அதில் யாரும் கேட்பதில்லை, அதுவே எனக்கு அதில் பிடித்தது. இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் தவறியிருந்தால், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால், 75,000 ரூபாயைப் பிள்ளை பெயரில் டெபாசிட் போடும் திட்டம் உண்டு. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், அவர்தான் மேலே அனுப்ப வேண்டும். அம்மா எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி என்றால், தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு, எஸ்டேட் ஆபீஸில் கையெழுத்து வாங்கிப் போட வேண்டும். எங்கள் அம்மா இத்தனை வருஷம் கொழுந்து பறித்தும் ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பி இந்த வருஷம் அரசுக் கல்லூரியில் பி.காம் சேர்ந்திருக்கிறான். தமிழ்ப் புதல்வனுக்குக் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தோடு இன்னும் அடகில்தான்.

அந்த ஃபார்ம் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, எந்தத் தேதியில் டைப் அடித்தது, எத்தனை காப்பி என்பது பில் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த லாட்ஜ் கூட்டத்துக்கு வந்தவர்கள், ஜிபேயில் அனுப்பியவர்கள், ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு இன்னும் வாங்காதவர்கள் யாராக இருந்தாலும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்கு வாருங்கள், ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் ஒரு திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மறுபடி பிங்கர்போஸ்ட் போவோம்.