மார்க் ஒரு பக்கம், எஸ்.ஏ.டி. ஒரு பக்கம்: யு.சி.யா, எம்.ஐ.டி.யா?

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையின் பள்ளி மார்க்கும் எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லையா? சரி, எந்தக் கல்லூரி எதைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.) சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி.யை அறவே பார்ப்பதில்லை. 1600-க்கு 1600 வாங்கியிருந்தாலும் கணக்கில் வராது. ஜி.பி.ஏ.வையும் (பள்ளிப் பாடங்களின் சராசரி கிரேடுப் புள்ளி) 10, 11-ஆம் வகுப்பு மார்க்கை வைத்தே போடுகிறார்கள். 9-ஆம் வகுப்பில் சறுக்கிய பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அந்த வகுப்பிலும் கட்டாயப் பாடங்களில் 'சி' கிரேடுக்குக் கீழே போகக்கூடாது. அப்புறம், 8 கேள்விகளில் 4-க்கு, தலா 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். மார்க் ஏன் விழுந்தது, எப்படி மீண்டோம் என்று நேராகச் சொல்ல அங்கே இடமிருக்கிறது. வெளிமாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. 3.4, கலிபோர்னியாக்காரர்களுக்கு 3.0. இது வாசல்படிதான். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களுக்கு இதைவிட நிறைய வேண்டும்.

எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நேர் எதிர். கொரோனா காலத்தில் தளர்த்திய தேர்வை 2022-இல் மறுபடி கட்டாயமாக்கியது. பலமுறை எழுதினால் ஒவ்வொரு பகுதியிலும் அதிகபட்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே எந்தத் துறை மாணவரும் கால்குலஸும் (நுண்கணிதம்) இயற்பியலும் படித்தே ஆக வேண்டும். அதனால் கணக்கில் பள்ளி மார்க் தொடர்ந்து விழுந்திருந்தால், எஸ்.ஏ.டி. மட்டும் காப்பாற்றும் என்று நான் நம்பமாட்டேன். உயர்நிலைக் கணிதப் பாடமே இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்கு மட்டும் நல்ல எஸ்.ஏ.டி. மதிப்பெண் உண்மையிலேயே கை கொடுக்கும்.

மார்க் நன்றாக இருந்து, தேர்வில்தான் தடுமாற்றம் என்றால் யோசிக்காமல் யு.சி.க்குப் போடுங்கள்.