பனித்துணியோடை வாற உருளைக்கிழங்கு செற், காசு போட முதல் இதை வாசியுங்கோ

மார்கழிப் பனிக்கு உருளைக்கிழங்குக்குப் போர்வை போர்த்தவேணும் எண்டு சொல்லி என்னட்டை 18,500 ரூபாயைக் கறந்துபோட்டாங்கள். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா போன கிழமை எங்கடை ஒழுங்கையிலை ஒரு அக்கா தானும் ஒரு கிழங்கு செற்றுக்குக் காசு போடப்போறன் எண்டா, அதுக்குப் பிறகு வெக்கம் பாத்துச் சரிவராது எண்டுதான் எழுதுறன்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலை கோண்டாவில் பக்கம். வளவு சின்னன், பாதி சீமெந்து முத்தம். உரும்பிராயிலை என்ரை மாமா வருசாவருசம் மழை விட்ட கையோடை செம்பாட்டு மண்ணிலை கிழங்கு வைக்கிறவர், அதைப் பாத்துப் பாத்து எனக்கும் ஆசை, பையிலையாவது நாலு கிழங்கு வைப்பம் எண்டு. அவரைக் கேட்டிருக்கலாம், கேக்கேல்லை. போனிலை ஒரு விளம்பரம் வந்துது, ஆறு கறுப்புப் பை, மண்ணுக்குப் பதிலாத் தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்), ஹொலண்ட் விதைக்கிழங்கு 2 கிலோ, பனித்துணி ஒரு சுருள், 45 நாளிலை பைக்கு 5 கிலோ எண்டு. காசு முழுக்க முன்னுக்கே பாங்கிலை போடவேணுமாம். போட்டன்.

சாமான் வந்துது, அதிலை பொய் சொல்லக்கூடாது. மார்கழி தொடங்க முதலே நட்டு, அவை சொன்ன மாதிரியே துணியாலை மூடிப்போட்டு, மூண்டு கிழமை தண்ணி ஊத்தினன். 18 கிழங்கு வைச்சதிலை ஏழுதான் முளைச்சுது. அதுக்குப் பிறகுதான் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினன். ஒரு பையைக் கவிட்டுக் கொட்டினார். ஒரு கிழங்கு வைச்ச மாதிரியே கல்லுப்போலை கிடக்கு, கண் கூட வீங்கேல்லை, மற்றது அழுகிக் களியாகி விரலிலை ஒட்டுது, அந்த மணம் ரெண்டு நாளாக் கையை விட்டுப் போகேல்லை. பையின்ரை அடியைத் திருப்பிப் பாத்தா ஒரு ஓட்டை இல்லை! தண்ணி எங்கையப்பா போறது.

மிச்சம் ரெண்டு கிழங்கு குசினியிலை கிடந்தது, அதை எடுத்துக் குடுத்தன். உருட்டிப் பாத்திட்டு, "பிள்ளை, இது கறிக்கிழங்கு" எண்டார். "விதைக்கிழங்கை உப்பிடி மினுமினுக்கக் கழுவி ஆரும் விப்பினமோ?" விதைக்கிழங்கு எண்டா ஒரு கோழிமுட்டை அளவு காணும், தோல் கொஞ்சம் சுருங்கி, கண்ணிலை கட்டையா, தடிப்பா முளை வந்திருக்க வேணும், வெள்ளையா நூல்மாதிரி நீண்ட முளையும் சரியில்லையாம். கடைக்குக் கறிக்கு வாற கிழங்கிலை சிலதுக்கு முளைக்காமல் இருக்க மருந்து போட்டிருப்பாங்கள், அதை நட்டிட்டு நாங்கள் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு வந்தது எல்லாம் உள்ளங்கை நிறையிற பெரிய கிழங்கு, அதைப் பாத்து நான் சந்தோசப்பட்டனான் வேற.

இப்ப அந்தத் துணிக் கதை. லண்டனிலை இருக்கிற மச்சாளுக்கு வட்ஸ்அப்பிலை போட்டோ அனுப்ப அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அங்கை அவை ஆவணியிலை பையிலை கிழங்கு நட்டு, நத்தாருக்குப் புதுக்கிழங்கு கிண்டுறவை. ஐப்பசி, கார்த்திகையிலை பூச்சியத்துக்குக் கீழை போனா இலையெல்லாம் ஒரே இரவிலை கறுத்துச் செத்துப்போகும், பையிலை இருக்கிற மண் நாலு பக்கத்தாலையும் குளிர்ந்து தரையை விடக் கெதியா உறையும், அதுக்குத்தான் அந்தத் துணி, இல்லாட்டிப் பையைத் தூக்கிக் கண்ணாடி வீட்டுக்குள்ளை வைக்கிறது. அவைக்குப் பனி எண்டா உறைபனி. எங்களுக்குப் பனி எண்டா விடிய இலையிலை நிக்கிற தண்ணி. தையிலை 21, 22 டிகிரிக்கு இறங்கினாலே நாங்கள் தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டு திரியிற ஆக்கள், கிழங்குக்கு அந்தக் குளிரே காணாது! இரவு நல்லாக் குளிர்ந்தாத்தான் கீழை கிழங்கு கட்டும், சூடு கூடினா இலைதான் செழிக்கும். அந்தக் கொஞ்சக் குளிரையும் நான் காசு குடுத்து வாங்கின துணியாலை மறிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன், விசரி.

அதோடை போயிருந்தாலும் பரவாயில்லை. மாமா துணியை எடு எண்டவர்தான், நான்தான் இவ்வளவு காசு குடுத்தது எண்டு முளைச்ச ஏழுக்கும் பிறகும் இரவிலை போர்த்தினன். தைப்பொங்கல் கழிஞ்சு ஒருநாள் விடியத் துணியைத் தூக்கினா உள்ளுக்கு வேர்த்து ஒழுகுது, இலை நுனியிலை தண்ணி ஊறின மாதிரிக் கறுப்புப் பொட்டு, இலையைத் திருப்பினா கரையிலை மெல்லிசா வெள்ளைப் பூஞ்சணம். அஞ்சு நாள் போகேல்லை, தண்டும் கருகி எல்லாம் சரிஞ்சு போச்சு. கிண்டினா போளை அளவிலை ஒன்பது கிழங்கு. அதிலை ரெண்டு தோல் பச்சை நிறம், எறிஞ்சன், பச்சை நிறம் ஏறின கிழங்கு சாப்பிடக்கூடாது.

வித்தவனுக்கு எழுதினன். முதல் "அக்கா நீங்கள் துணியைச் சரியாப் போர்த்தேல்லை" எண்டான். பிறகு பில் கேட்டான், பில் தந்தாத்தானே இருக்கும்? பையிலை ஓட்டை இல்லாத போட்டோவை அனுப்பின உடனை பிளொக் பண்ணிப்போட்டான். பில் இல்லாமல் எங்கை போய் என்னத்தைச் சொல்லுறது.

மார்கழிக் கடைசியிலை மாமா தன்ரை விதையிலை நாலு கிழங்கு தந்தவர். ரெண்டு பழைய யூரியா பாக், கம்பியைச் சுடவைச்சு அடியிலை எட்டு ஓட்டை, செம்பாட்டு மண்ணோடை மணலும் உக்கின மாட்டெருவும், அவ்வளவுதான். பாக்கை அரைவாசிக்கு மடிச்சுவிட்டு நட்டு, செடி வளர வளர மண் அணைச்சுக்கொண்டு பாக்கை மேலை நிமித்தினன். சீமெந்துச் சூடு ஏறாமல் அடியிலை ரெண்டு கல்லு. துணியும் இல்லை ஒண்டும் இல்லை. பங்குனி நடுவிலை, 80 நாள் கழிச்சுக் கொட்டினா ரெண்டு பாக்கிலையும் சேத்து 2 கிலோ 700. மாமா அதுக்கும் "பரவாயில்லை" எண்டுதான் சொன்னவர், பைக்கு 5 கிலோ எண்டு கேட்டா அவர் சிரிக்கிறார். 45 நாளிலை இஞ்சை ஒரு கிழங்கும் முத்தாது. சந்தேகம் எண்டா உங்கடை கமநல சேவை நிலையத்திலை விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, இல்லாட்டி 1920க்கு எடுங்கோ, விவசாயத் திணைக்களம், காசில்லை.

ஒழுங்கை அக்கா தன்ரை போனிலை அந்த விளம்பரத்தைக் காட்டினவ. பேர்தான் வேற, படம் அதே படம், பையளுக்குப் பின்னாலை புகைபோக்கி வைச்ச செங்கல் வீடு. இந்தப் பங்குனி வெய்யிலுக்கை கிழங்கு நடச் சொல்லுறாங்கள், விலை 19,900. துணிக்கு இப்ப பேர் வெய்யில்துணி.