காரில் பாம்பும் ஆமையும்: எந்தப் பெட்டி தாங்கும், எது தாங்காது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பால் பைத்தான் (Ball Python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்போ, பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகையோ, கெக்கோ என்ற பல்லி வகையோ, 'பெட் கேரியர்' என்று ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்காதீர்கள். பாத்திரக்கடையில் கிடைக்கும் நாலு பக்கமும் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று, மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடும் தெர்மாகோல் பெட்டி ஒன்று. டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தால் காருக்கு அதுதான் சரி. வளர்ந்த இகுவானா என்ற பெரிய பல்லி வகையும் பெரிய சல்கேட்டா ஆமையும் மட்டும் இதில் அடங்காது.

கடையில் அதிகம் தலையில் கட்டப்படுவது, கலர் மூடி போட்டு மேலே கீற்றுக் கீற்றாக இடைவெளி விட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டி. கடையிலிருந்து அரைமணி நேரத்தில் வீட்டுக்கு வர இது போதும். நெடுஞ்சாலைக்கு ஆகாது. மூடி வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது. தொட்டி சாய்ந்து ஒரு மூலை இடிபட்டால் சுவர் வளையும், மூடி கழன்று வரும். மூடியின் நடுவில் இருக்கும் குட்டிக் கதவின் கொக்கி கைப்பிடி பட்டாலே திறந்துகொள்ளும். நாலு பக்கமும் ஒளி ஊடுருவுவதால் ஜன்னல் வெயில் நேராக உள்ளே விழுந்து சூடு தங்கிவிடுகிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லாத பிராணி வழி முழுக்கச் சுவரை முட்டிக்கொண்டே வரும்.

ஜிப் வைத்த துணி கேரியரை நாய்க்குட்டிக்கே விட்டுவிடுங்கள். பாம்பு மூக்கை வைத்து ஜிப்பின் ஓரத்தை ஓயாமல் நெம்பும். இரண்டு விரல் அளவு திறந்தால் தலை வெளியே வந்துவிடும். தலை வந்தால் உடம்பும் வரும். வலைத் துணியில் உரசி உரசி மூக்கின் முன்செதில் தேய்ந்து புண்ணாவது இன்னொரு தொல்லை. பியர்டட் டிராகனுக்கு இதே வலையில் நகம் மாட்டும். அது இழுக்கும்போது நகம் வேரோடு பிய்ந்து ரத்தம் வரும்.

இனி நாங்கள் சொல்லும் டப்பா. கண்ணாடி போல் பளபளக்கும் வகை வேண்டாம், கீழே விழுந்தால் உடையும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்ட, பால் நிறத்தில் சற்று வளைந்து கொடுக்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பா வாங்குங்கள். வளர்ந்த பால் பைத்தானுக்கு 12 முதல் 15 லிட்டர் போதும். அது சுருண்டு கிடக்கத்தான் விரும்பும். பியர்டட் டிராகனுக்கு லிட்டரைப் பார்க்காமல் நீளத்தைப் பாருங்கள், 40 செ.மீ.க்குக் குறையக் கூடாது. பெரிதாக இருந்தால் வசதி என்று நினைத்து 40 லிட்டர் டப்பா எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் பிராணி ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குச் சறுக்கும். திரும்பிப் படுக்க இடம் வேண்டும், உருள இடம் கூடாது.

இரண்டே கிளிப் உள்ள டப்பாவில் மூலைகள் தூக்கும். வாங்கும்போதே மூடியைப் போட்டு, இரண்டு கிளிப்புக்கு நடுவில் கட்டைவிரலால் நெம்பிப் பாருங்கள். அந்த இடைவெளியில் பென்சில் நுழைந்தால் குட்டிப் பாம்பு வெளியேற வழி இருக்கிறது என்று அர்த்தம். நாலு கிளிப் இருந்தாலும் சுற்றி ஒரு வெல்க்ரோ பட்டை போடுவது நல்லது. கேபிள் டை இன்னும் உறுதிதான், ஆனால் அவசரத்தில் வெட்ட கத்தரிக்கோல் வேண்டும்.

காற்றுத் துளைகளை டிரில் பிட்டால் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். சூடான சால்டரிங் அயர்னால், டப்பாவின் உள்ளிருந்து வெளியே போகும்படி குத்துங்கள். உருகிய விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும், பாம்பு உரசும் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மூடியிலிருந்து 3 செ.மீ. கீழே, இரண்டு நீளப் பக்கங்களிலும் பத்துப் பத்துத் துளை, ஒவ்வொன்றும் 4 மி.மீ. குட்டிகளுக்கு 2 மி.மீ. மூடியில் துளை போடாதீர்கள். தெர்மாகோல் மூடி அடைத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, ஒரு நாள் திறந்து வைத்தால் உருகிய பிளாஸ்டிக் வாடை போய்விடும். தெர்மாகோல் பெட்டியிலும் அதே உயரத்தில் பக்கத்துக்கு ஆறு பென்சில் துளை. டப்பாவுக்கும் தெர்மாகோல் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் காற்று ஓடும். டப்பா அதில் ஆடாமலிருக்க நாலு மூலையிலும் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகுங்கள்.

பாம்பு என்றால் டப்பாவுக்குள் துணிப்பை கட்டாயம். இருளர்கள் பாம்பு பிடிக்கப் போகும்போது எடுத்துப்போகும் அதே பருத்திப் பைதான். இதைவிட நல்லதாக இதுவரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. பழைய தலையணை உறை போதும், பாலியெஸ்டர் கலக்காததாக இருக்கட்டும். உள்ளே வெளியே புரட்டிவிடுங்கள், அப்போதுதான் பிரிந்த நூல் வெளிப்பக்கம் வரும். உள்ளே தொங்கும் நூல் உடம்பைச் சுற்றிக்கொண்டால் இறுகும். பாம்பு அடியில் இறங்கிவிட்டதா என்று தடவிப் பார்த்து, வாயை முறுக்கி, முறுக்கியதை மடித்து, அதன்மேல் கட்டுங்கள். நனைந்த பருத்தி காற்றை விடாது, அதனால் பைக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலை வேண்டாம். பையை மட்டும் தனியாக சீட்டில் வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். யாராவது கவனிக்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள்.

மற்றவற்றுக்கு டப்பாவின் அடியில் நாலு மடிப்பு செய்தித்தாள், அதன்மேல் டிஷ்யூ பேப்பர். கோகோபீட், மணல் எல்லாம் ஆட்டத்தில் தூசாகிக் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கல், கட்டை, தண்ணீர்க் கிண்ணம் எதுவும் உள்ளே கூடாது. கெக்கோக்களை டப்பாவுக்கு ஒன்றாகத்தான் வைக்க வேண்டும். பயத்தில் வாலை உதறும். கிரெஸ்டட் கெக்கோ விட்ட வால் திரும்ப முளைக்காது.

ரெட் இயர்ட் ஸ்லைடர் என்ற நீர் ஆமையைத் தண்ணீரோடு கொண்டுபோகும் பழக்கத்தை விடுங்கள். ஓடும் காரில் தண்ணீர் அலைபாயும், ஆமை கவிழும், நிமிர முடியாமல் மூழ்கும். ஈரத்துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் விட்டால் ஏழெட்டு மணி நேரம் ஒன்றும் ஆகாது. நில ஆமைகளிலும் மல்லாந்து போவதுதான் கவலை. நுரையீரல் முதுகோட்டுக்குக் கீழே இருப்பதால், மல்லாந்தால் குடல், ஈரல் எல்லாம் அதன்மேல் அழுத்தும். சுற்றித் துண்டைச் சுருட்டி வைத்து ஓட்டைப் பிடித்து நிறுத்துங்கள்.

இகுவானாவுக்கும் பெரிய ஆமைக்கும் பூனைகளுக்கான கெட்டிப் பிளாஸ்டிக் கேரியர் பொருந்தும், கதவு இரும்புக் கம்பியாக இருந்தால். மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை நம்ப வேண்டாம். விளிம்பில் துளையிட்டு ஆறு கேபிள் டை போட்டுவிடுங்கள். ஜன்னல் துளைகளை அடர்நிறத் துணியால் மறைத்தால் இகுவானா அடங்கும். வெளியே ஓடும் மரமும் லாரியும் தெரிந்தால் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

தெர்மாகோல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: வெயிலில் ஏ.சி.யை அணைத்து நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சுமார் 20 டிகிரி ஏறும், அதில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே. ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. வெளியே 36 டிகிரி இருக்கும் மே மாதத்தில் கணக்கை நீங்களே போடலாம். தெர்மாகோல் அந்த ஏற்றத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. டோல்கேட் வரிசைக்கும் பெட்ரோல் பங்குக்கும் அது போதும். சாப்பாட்டுக்கு ஓட்டலில் எல்லோரும் இறங்குவதற்குப் போதாது, ஒருவர் ஏ.சி. ஓடும் காரில் இருக்க வேண்டும்.

பயணத்தில் பெட்டிக்குள் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் பெரும்பாலானவற்றுக்குச் சரி. வீட்டில் பியர்டட் டிராகன் 40 டிகிரி விளக்கடியில் காய்கிறதே என்று கேட்கலாம். அங்கே சூடு பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடும், பெட்டியில் நகர இடமில்லை. கிரெஸ்டட் கெக்கோவுக்கு 26-க்கு மேல் போகவிடாதீர்கள். சுமார் 200 ரூபாய்க்கு வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. நுனியை டப்பாவுக்குள் விட்டு, திரையைத் தெர்மாகோல் மூடிமேல் ஒட்டிவிட்டால் மூடியைத் திறக்காமலே தெரியும். இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான். 30-ஐத் தொட்டால், உறையவைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு செய்தித்தாளில் சுற்றி டப்பாவுக்கு வெளியே அந்த இரண்டு விரல் இடைவெளியில் நிறுத்துங்கள். டப்பாவுக்குள் வைக்கக் கூடாது. ஹீட் பேக் நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக்கு மட்டும்தான் தேவைப்படும். அதற்கும் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்தால் முடிந்தது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி 0.1 வினாடியில் நின்றால், 5 கிலோ பெட்டி ஏறக்குறைய 70 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். சீட் பெல்ட்டைக் கைப்பிடிக்குள் விட்டு மாட்டுவது கண்துடைப்பு. நம் கார்களின் பெல்ட் திடீரென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும், சாதாரண ஓட்டத்தில் தளர்வாகவே இருக்கும். பூட்டும்போது கைப்பிடி பிய்ந்துவிடும். நல்ல இடம், முன்பக்க இடது சீட்டுக்குப் பின்னால் உள்ள கால் வைக்கும் பள்ளம். பெட்டியை அங்கே தட்டையாக வைத்து, முன்சீட்டை அது பெட்டியைத் தொடும் வரை பின்னால் தள்ளி, மேலும் ஒரே ஒரு பல் தள்ளுங்கள். அதற்குமேல் தெர்மாகோல் நசுங்கும். பல கார்களில் முன்சீட்டுக்கு அடியிலிருந்து கால் பக்கம் காற்று வரும், அது நேராகப் பெட்டியில் அடிக்கும். ஏ.சி.யை முகத்துக்கு வரும் நிலையில் வையுங்கள். பெட்டி வாங்கும் முன் அந்தப் பள்ளத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போவது உத்தமம்.

ஏர்பேக் இருப்பதால் முன்சீட் கூடாது. செடான் டிக்கிக்கு ஏ.சி. காற்று போகாது, அதுவும் கூடாது. ஹேட்ச்பேக், எஸ்.யு.வி. என்றால் பின்தட்டைக் கழற்றிவிட்டு, தரையில் உள்ள கொக்கிகளில் ராட்செட் பெல்ட் போட்டுப் பூனை கேரியரைக் கட்டலாம், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி. ஏறும் முன் பத்து நிமிடம் ஏ.சி. ஓடட்டும். எல்லா லக்கேஜும் ஏறிய பிறகே பிராணி ஏற வேண்டும், இறங்கும்போது அதுதான் முதலில்.

தீனி விஷயம். எலி தின்ற பாம்பைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு நகர்த்தக் கூடாது. பெரிய இரை என்றால் ஒரு வாரம். குலுக்கலில் கக்கிவிட்டால் வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும், பிறகு இரண்டு வாரம் இரை போட முடியாது. பியர்டட் டிராகனுக்கு முந்தின நாளோடு நிறுத்துங்கள். விளக்குச் சூடு இல்லாமல் அதற்குச் செரிக்காது. கண் மங்கித் தோல் உரிக்கப்போகும் பாம்பு என்றால் பயணத்தையே தள்ளிப்போடலாம்.

பிராணி பெட்டியிலிருந்து வெளியேறிவிட்டால் வண்டியை உடனே ஓரம்கட்டுங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தாதீர்கள். பாம்பு முதலில் தேடுவது சீட் ரயிலுக்கும் கார்பெட்டுக்கும் நடுவிலுள்ள சந்தைத்தான், நகர்த்தினால் நசுங்கும். கதவுகளை மூடிவைத்து, டார்ச் அடித்து, சீட்டடி, நடுக் கன்சோல் ஓரம், கையுறைப் பெட்டிக்குப் பின்புறம் என்று வரிசையாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பகல் சூடு தணிந்த பிறகு நிழலில் நிறுத்தி, தரையில் மாவு தூவி, துண்டு சுற்றிய வெந்நீர் பாட்டிலை ஒரு மூலையில் வையுங்கள். இரவில் அது நகரும், மாவில் தடம் தெரியும்.

காகிதமும் கூடவே வர வேண்டும். நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றை வைத்திருப்பதே 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு எந்தப் பெட்டியும் நாங்கள் சொல்லப்போவதில்லை. பால் பைத்தான், இகுவானா, சல்கேட்டா போன்ற வெளிநாட்டு வகைகள் 2022 திருத்தத்துக்குப் பிறகு நான்காம் அட்டவணையில் வருகின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நகல் ஆர்.சி.யோடு இருக்கட்டும். பெட்டிமேல் 'உயிருள்ள பிராணி', வகை, எண்ணிக்கை, உங்கள் தொலைபேசி எண் எழுதி ஒட்டுங்கள். செக்போஸ்டில் மூடியைத் திறக்கச் சொன்னால் கார்க் கதவுகளைச் சாத்திவிட்டுத் திறங்கள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் கூண்டில் விட்டு, பாம்பை ஐந்தாறு நாள் தொந்தரவு செய்யாமல் விட்டபின் இரை போடலாம். ஊர்வனவற்றின் கழிவில் சால்மோனெல்லா இருக்கும், அதனால் கைகழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் டப்பாவைத் தூக்கக் கொடுக்காதீர்கள். டப்பாவை சோப்பு போட்டுக் கழுவியபின் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். பையை வாசனைத் திரவம் சேர்க்காமல் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். தெர்மாகோலில் எச்சம் பட்டிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த முறைக்கு மருந்துக்கடையில் இன்னொன்று கேளுங்கள்.