ஆறரை மணி நேரம் பிசகும் கடிகாரம்: ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டுவுடன் மூன்று ஆண்டுகள்

ரங்கூனில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று தமிழிலும் பர்மியத்திலும் அடித்துக் கொடுப்பது தொழில். பக்க வடிவமைப்புக்கு விண்டோஸ் 10, மற்ற வேலைகளுக்கு லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு. ஒரே கணினியில் இரண்டையும் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

ஆரம்பத்தில் கடிகாரம் படாத பாடு படுத்தியது. ராத்திரி உபுண்டுவில் வேலை முடித்து மூடிவிட்டு, காலை 6 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் முந்தின நாள் இரவு 11.30 என்று காட்டும். அன்றைய முதல் பில் நேற்றைய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுது பார்ப்பவர் பேட்டரிதான் காரணம் என்றார். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். பிசகு அப்படியே இருந்தது. பேட்டரி தீர்ந்திருந்தால் தேதியே எங்கோ பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். இங்கோ எப்போதும் ஆறரை மணி நேரம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. மியான்மர் நேரத்துக்கும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்று உறைத்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்திலிருந்து வரும் பழக்கம். உபுண்டு அதையே யுடிசி என்று படிக்கிறது. இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைப் பார்த்து, அதை யுடிசியாக அங்கே எழுதியும் வைக்கிறது.

இது வெறும் காட்சிப் பிழை இல்லை. ஒரு நாள் இணையம் இல்லாதபோது, காலை 10 மணிக்கு உபுண்டுவில் ஒரு பத்திரிகையைச் சேமித்துப் பென்டிரைவிலும் போட்டேன். விண்டோஸ் வைத்திருந்த உள்ளூர் நேரத்தை யுடிசி என்று எடுத்து உபுண்டு ஆறரை மணி நேரம் கூட்டிக்கொண்டதால், கோப்பில் மாலை 4.30 என்று பதிவானது. 11 மணிக்கு விண்டோஸில் முகூர்த்த நேரத்தைத் திருத்தினேன். பென்டிரைவுக்குப் புதிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்படி வைத்திருந்ததால், 11 மணிக் கோப்பைப் பழையது என்று கணினி தள்ளிவிட்டது. அச்சகத்துக்குப் போனது திருத்தாத பிரதி. “அண்ணே, முகூர்த்தம் பழைய நேரமாவே வந்திருக்கே” என்று பெண்ணின் மாமா வந்து நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அத்தனையையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

முதலில் உபுண்டுவையே வளைத்தேன். கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையோடு ‘செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று கொடுத்தால் (ஆர்டிசி என்பது மதர்போர்டுக் கடிகாரம்) அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். இந்த ஊரில் கோடைக்கால நேரமாற்றம் கிடையாது என்பதால் எட்டு மாதம் ஒழுங்காகவே ஓடியது. ஆனால் அந்த அமைப்பு நல்லதல்ல என்று உபுண்டுவே எச்சரிக்கிறது. உபுண்டுவை மறுபடி நிறுவியபோது ஆறரை மணி நேரம் திரும்பி வந்தது.

அப்புறம் விண்டோஸை மாற்றினேன். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் வழியாக டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய், ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்ற பெயரில் ஒரு டிவேர்டு (எண் மதிப்பு) உருவாக்கி மதிப்பை 1 ஆக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் முன்பு 1 போட்டிருந்தால் அதை 0 ஆக்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் பிசகு எதிர்ப்பக்கம் திரும்பும்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, இன்றுவரை ஒரு நிமிடம்கூட மாறவில்லை. இருந்தாலும் பெரிய அப்டேட் வந்தால் ‘டைம்டேட்சிடிஎல்’ என்று மட்டும் அடித்துப் பார்ப்பேன். யுனிவர்சல் டைம், ஆர்டிசி டைம் இரண்டு வரியிலும் ஒரே நேரம் இருந்தால் சரி, கடையைத் திறக்கலாம்.