சம்ப் செய்யக் கொடுக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மீன் தொட்டிக்குக் கீழே சம்ப் (மேல் தொட்டியின் தண்ணீர் இறங்கி, தடுப்புகளால் பிரித்த அறைகள் வழியே வடிகட்டப்பட்டு, பம்ப்பால் மறுபடி மேலே போகும் கீழ்த்தொட்டி) வைக்கும் யோசனையில், யாரிடமாவது சொல்லிச் செய்யலாம் என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணாடி, பம்ப், வடிகட்டும் மீடியா, பைப் வேலை எல்லாம் சேர்த்து ₹14,000 வாங்கிக்கொண்டு சென்னையில் ஒரு கடைக்காரர் எனக்கு ஒரு சம்ப் செய்து கொடுத்தார். முதல் தடவை கரண்ட் போனபோதே அது கேபினெட்டுக்குள் வழிந்து பிளைவுட்டை ஊற வைத்தது. பிறகு தடுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவர்கள் வந்து 'சரி' செய்துவிட்டுப் போன அதே வாரத்தில் என் ஏஞ்சல் மீன்கள் அத்தனையும் செத்தன. கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே வேலையை இன்னும் பலருக்கு அவர் செய்துகொண்டிருக்கிறார் என்பதால், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று விவரமாகவே சொல்கிறேன்.

என்னுடைய தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். ஏஞ்சல், சீவரம் மீன்கள் இருந்தன. ஆர்டர் கொடுக்கப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கேபினெட்டுக்குள்ள எவ்ளோ எடம் சார் இருக்கு?" மேல் தொட்டியின் அளவைக் கேட்கவில்லை. ஓவர்ஃப்ளோ (தண்ணீர் கீழே வழிந்து இறங்கும் இடம்) எந்த உயரத்தில் இருக்கிறது, தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று எதுவும் கேட்கவில்லை. "ஆயிரம் சம்ப் பண்ணிருக்கோம், கவலப்படாதீங்க" என்றார். இப்போது சொல்கிறேன், மேல் தொட்டியின் அளவைக் கேட்காமல் சம்ப்புக்கு விலை சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். சம்ப்புக்குள் தடுப்பு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே மேல் தொட்டிதான்.

காரணம் இது. பம்ப் ஓடும்வரை மேலே போகிற தண்ணீரும் கீழே இறங்குகிற தண்ணீரும் சமமாக இருக்கும். கரண்ட் போனதும் பம்ப் நிற்கும், ஆனால் மேலேயிருந்து இறங்குவது உடனே நிற்காது. ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு மேலே இருக்கும் தண்ணீர் இறங்கும். அதோடு ரிட்டர்ன் பைப்பும் தலைகீழாக வேலை செய்ய ஆரம்பித்து, அதன் வாய் காற்றைத் தொடும்வரை தொட்டித் தண்ணீரைக் கீழே உறிஞ்சி விடும். என் தொட்டியில் 1 செ.மீ. மட்டம் இறங்கினால் 120 × 45, அதாவது 5.4 லிட்டர். அவருடைய ஆள் ரிட்டர்ன் வாயை 5 செ.மீ. ஆழத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆக 27 லிட்டர். பைப்பிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்தால் 30 லிட்டர் கீழே வரும்.

அவர் கொடுத்த சம்ப் 90 × 35 × 40 செ.மீ. தடுப்புகளை 34 செ.மீ. உயரத்துக்கு ஒட்டியிருந்தார். மேலே மிச்சம் 6 செ.மீ. அதில் கொள்வது 19 லிட்டர்கூட இல்லை. பம்ப் இருக்கும் கடைசி அறையான ரிட்டர்ன் அறையில் மட்டம் தாழ்வாக இருக்குமே, அதில் கொஞ்சம் பிடிக்காதா என்று கேட்கலாம். அங்கேதான் அடுத்த கோளாறு. அந்த அறை வெறும் 15 செ.மீ. அகலம். சம்ப் வைத்த தொட்டியில் ஆவியாகிற தண்ணீரெல்லாம் ரிட்டர்ன் அறையில்தான் குறைந்து தெரியும், மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்து வைத்துக்கொள்ளும். 15 × 35 அளவுள்ள அறையில் 1 செ.மீ. என்பது அரை லிட்டர். சென்னைக் கோடையில் ஒரு நாளில் 3 லிட்டர் ஆவியானால் மட்டம் ஏறக்குறைய 6 செ.மீ. இறங்கும். இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும். இதைச் சொன்னபோது, "ரிட்டர்ன் அறைய எப்பவும் ரொப்பியே வைங்க சார்" என்றார். அவர் சொன்னபடி நிரப்பி வைத்ததால், கரண்ட் போகும்போது தேவைப்படும் காலி இடமும் போய்விட்டது. 19 லிட்டர்கூட இல்லாத இடத்தில் 30 லிட்டர் வந்தது, மிச்சம் தரைக்குப் போனது. இது துரதிருஷ்டம் ஒன்றுமில்லை. அளந்து செய்திருந்தால் ஒரு தாளில் ஐந்து நிமிடக் கணக்கு.

இதற்கு அவர் சொன்ன வைத்தியம் இன்னும் மோசம். ₹600 வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் பைப்பில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டார். "இனிமே ஒரு சொட்டு எறங்காது" என்று சத்தியம் செய்யாத குறை. அந்த வால்வின் மடலில் ஒரு துணுக்குப் பாசியோ குட்டி நத்தையோ சிக்கினால் போதும், முழுதாக மூடாது. என் வீட்டில் அதுதான் நடந்தது, மறுபடியும் வெள்ளம். செலவில்லாத சரியான வழி இருக்கிறது: ரிட்டர்ன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைப்பது, அல்லது பைப்பில் மட்டத்துக்கு ஒட்டினாற்போல ஒரு சின்னத் துளை போட்டு, அது காற்றை இழுத்துச் சைஃபனை (பைப் தண்ணீரைக் கீழே உறிஞ்சுவதை) உடைக்கும்படி செய்வது. அந்தத் துளையை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் சம்ப் செய்தவருக்கு இது தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். துளைக்கு ₹600 வாங்க முடியாது.

அப்புறம் அறைகளின் வரிசை. மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் வடிகட்டும் துணிப் பையிலோ ஸ்பாஞ்சிலோ விழுந்து, கழிவை அங்கே விட்டுவிட்டு, அதன் பிறகே செராமிக் ரிங் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். எனக்குக் கொடுத்ததில் தண்ணீர் நேராக ரிங்குகளின் மேல் கொட்டியது, ஸ்பாஞ்ச் அடுத்த அறையில். நுண்துளைகளில் பாக்டீரியா வளர்ந்து அம்மோனியாவை மாற்ற வேண்டிய ரிங்குகள் ஒரே மாதத்தில் சேறு பூசிக்கொண்டன. அடியில் தட்டிகூட வைக்காமல் தரையிலேயே கொட்டியிருந்ததால், கீழே தேங்கியதை எடுக்கவும் வழியில்லை. ஸ்பாஞ்சும் அறை அகலத்துக்கு வெட்டப்படவில்லை. இரண்டு பக்கமும் விரல் போகிற சந்து. தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும், அந்தச் சந்து வழியாகவே அது போய்க்கொண்டிருந்தது.

குமிழி பிடிக்கும் மூன்று தடுப்புகளும் அப்படித்தான். முதலாவது தரையிலிருந்து எழும், தண்ணீர் அதன் மேல் வழிந்து இறங்கும். இரண்டாவதன் அடியில் புகுந்து, மூன்றாவதன் மேல் ஏறி ரிட்டர்ன் அறைக்குப் போகும். இடைவெளி சரியாக இருந்தால் குமிழிகள் மேலே வந்து உடைந்துவிடும். இவர் வைத்த இடைவெளி 1 செ.மீ. மணிக்கு 3,000 லிட்டர் ஓடும் சம்ப்பில், 35 செ.மீ. அகலமுள்ள 1 செ.மீ. சந்தில் தண்ணீர் நொடிக்கு 24 செ.மீ. வேகத்தில் கீழே பாயும். சின்னக் குமிழி எதுவும் அதை எதிர்த்து ஏற முடியாது, இழுத்துக்கொண்டு போய்விடும். 2.5 செ.மீ. இடைவெளி விட்டிருந்தால் வேகம் பத்துக்கும் கீழே வந்திருக்கும். என் தொட்டி நாள் முழுக்கச் சோடா ஊற்றியது போல நுரைத்ததற்கு இதுதான் காரணம். அவரோ பம்ப்பைக் குறை சொல்லி, வேறு பம்ப் விற்கப் பார்த்தார்.

இதெல்லாம் அளவுப் பிழை என்று விட்டுவிடலாம். தடுப்புகள் விஷயம் அப்படியல்ல, அது ஏமாற்று. எல்லாத் தடுப்பும் கண்ணாடி என்று வாட்ஸப்பில் எழுதியே கொடுத்திருந்தார். வந்ததில் இரண்டு அக்ரிலிக் பிளாஸ்டிக். கண்ணாடித் தொட்டிக்குள் அக்ரிலிக்கைச் சிலிக்கான் பசை போட்டு ஒட்டினால் உறுதியாகப் பிடிக்காது. அக்ரிலிக் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வளையவும் செய்யும். இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கும்வரை நிற்கும். சுத்தம் செய்ய ஒரு அறையை மட்டும் காலி செய்தால் மறுபக்க அழுத்தம் தள்ளிவிடும். என் கையில் அது கழன்று வந்தபோது ஒட்டியிருந்த சிலிக்கான் முழு நீளத்துக்கும் அப்படியே உரிந்து வந்தது. அறைகளின் அளவு ஏன் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது: ஒரு தடுப்பின் ஓரத்தில் வேறு ஏதோ வேலைக்காகப் போட்ட துளையின் பாதி இருந்தது. மிஞ்சிய துண்டுகளுக்கு ஏற்றபடி அறைகளை அமைத்திருக்கிறார்.

கடைசியாக அந்தச் சிலிக்கான். கழன்றதை ஒட்ட ஒரு பையனை அனுப்பினார்கள். பழைய சிலிக்கானை முழுசாகச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக இழுத்தான். காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். "சாயந்தரம் தண்ணி விட்ருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். மேலே தோல் கட்டினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் காயும். அதனால்தான் தெரிந்தவர்கள் நாள்கணக்கில், முடிந்தால் ஒரு வாரம் காத்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்டேன். அதற்கடுத்த இரண்டாம் நாள் ஏஞ்சல்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன. அம்மோனியா சோதனை பூஜ்ஜியம் காட்டியது, ஆக மீன் கழிவு காரணமில்லை. பாதித் தண்ணீரை மாற்றியும் பலனில்லை. சீவரம் மட்டும் பிழைத்தன. செத்த ஏஞ்சல்களில் ஒரு ஜோடி என்னிடம் முட்டை வைத்துக் குஞ்சு பொரித்தது, வாங்கிய விலையைச் சொல்லி அந்த நஷ்டத்தைச் சொல்லிவிட முடியாது.

கேபினெட்டுக்குப் பின்னால் அவன் விட்டுப்போன காலி டியூப் கிடைத்தது. குளியலறை, சமையலறைக்கு என்றும், பூஞ்சை எதிர்ப்பு கொண்டது என்றும் அதிலேயே அச்சடித்திருந்தது. டைல்ஸ் ஓரங்களில் கறுப்புப் படியாமலிருக்கப் பூஞ்சைக்கொல்லி கலந்த ரகம் அது. மீன் இருக்கும் தண்ணீரில் அது படவே கூடாது. தொட்டிக்கு எந்தக் கலப்பும் இல்லாத சிலிக்கான்தான் வேண்டும். மீன் தொட்டிக்கு ஏற்றது என்று டியூபிலேயே போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும் நாளில் டியூபைக் கையில் வாங்கிப் படியுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கடைக்காரர் சொன்ன பதில்: "மீனுக்கெல்லாம் நாங்க கேரண்டி தர்றதில்ல சார்." பில் கேட்டதற்கு, பில் போடும் வழக்கமே இல்லை என்றார். பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று பயந்து விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. ஜிபே ரசீதும் வாட்ஸப் பேச்சும் சாட்சிதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ₹5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நான் 1915-இல் பதிவு செய்துவிட்டு அவருக்கு நோட்டீசும் அனுப்பியிருக்கிறேன்.

சென்னையில் எல்லோரும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொளத்தூர்ப் பக்கம் நேர்மையாக, பொறுமையாகத் தொட்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இப்போது சம்ப் செய்து கொடுத்தவர் அங்கேதான் கடை வைத்திருக்கிறார். டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மேல் தொட்டியைத்தான் முதலில் அளந்தார். தாளில் படம் போட்டு, தடுப்பு உயரம் 25 செ.மீ., ரிட்டர்ன் அறை 25 செ.மீ., குமிழி இடைவெளி 3 செ.மீ. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே 90 × 35 × 40 பெட்டியில் இப்போது மேலே 47 லிட்டருக்கு இடம் இருக்கிறது. தடுப்பு எல்லாம் கண்ணாடி, ஓரங்கள் தேய்த்தவை, கையை விட்டால் கிழிக்காது.

நீங்கள் செய்யக் கொடுத்தால் இப்படி ஒரு படத்தைக் கேளுங்கள், அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் மாட்டிய பிறகு, மீன் விடுவதற்கு முன், சம்ப்பை ஓடும் மட்டத்துக்கு நிரப்பி, செய்தவரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கி நின்ற பிறகும் விளிம்புக்குக் கீழே நாலு விரல் இடம் இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.